மொழி கல்லாமல் களம் புகுவோர்

கருத்தரங்குகளில் எளிதில் சிரிப்பை வரவழைக்கும் உருவங்களுள் ஒன்று மார்மன் ஊழியர். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்வில்லை, எப்போதும் இருவர் இருவராக நடை. பண்பாட்டு ஆதிக்கத்தின் கடைக்குட்டியாக அவரைச் சித்திரித்துவிட்டு அடுத்த கட்டுரைக்குச் செல்வது ஆய்வுலகின் வழக்கம். அச்சித்திரத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் சிரிப்பவர்களில் எத்தனை பேர் தாம் ஆய்வு செய்யும் மக்களின் மொழியில் ஒரு வீட்டு வாசலில் நின்று பத்து நிமிடம் பேச வல்லவர்கள்? இக்கேள்விக்கு விடை சொல்லாமல் அந்தச் சிரிப்பு முழுமை பெறாது.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே மார்மன் சபையின் முறையான பெயர். அச்சபையின் இளைஞர் 2012 முதல் பதினெட்டு வயதிலேயே ஊழியத்துக்குச் செல்லலாம். காலம் இரண்டு ஆண்டு. செலவில் பெரும்பங்கு அவருடையதும் அவர் குடும்பத்தினுடையதும். நாள் ஒழுங்கு நெடுங்காலமாக ஏறத்தாழ ஒரே வடிவில் இருந்துவந்துள்ளது. காலை ஆறரை மணிக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, உணவு, தனிப்படிப்பு, உடன் ஊழியரோடு சேர்ந்த படிப்பு ஆகியன முடித்துப் பத்து மணியளவில் தெருவில் இறங்க வேண்டும். இரவு ஒன்பது அல்லது ஒன்பதரைக்குத் திரும்பி, மறுநாளுக்குத் திட்டமிட்டு, பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். துணி துவைக்கவும் கடைக்குச் செல்லவும் வாரத்தில் ஒரு நாளின் பகுதி ஒதுக்கப்படும். வீட்டாரோடு வாரந்தோறும் தொலைபேசியில் பேசும் அனுமதியே 2019இல்தான் கிடைத்தது.

இவ்வொழுங்கில் கவனிக்க வேண்டிய கூறு ஒன்று உண்டு. பிறமொழிப் பகுதிக்கு அனுப்பப்படுபவர் முதலில் பயிற்சி நிலையத்தில் சில வாரம் அம்மொழியைப் பயில்கிறார். களத்துக்கு வந்த பின்னும் நாள்தோறும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் மொழிப்படிப்புக்கென ஒதுக்கப்படுகிறது. படித்தது அன்று மாலைக்குள் ஒரு வாசற்படியில் சோதிக்கப்படுகிறது. வினைமுற்றைத் தவறாகச் சொன்னால் பாட்டி சிரிப்பாள். உச்சரிப்புப் பிழைத்தால் குழந்தை திருத்தும். சொல்வது விளங்காவிட்டால் கதவு சாத்தப்படும். இதைவிடக் கண்டிப்பான தேர்வை எந்தப் பல்கலைக்கழகமும் நடத்தவில்லை.

கற்பிக்கும் அனுபவம் கற்பவரை எப்படி மாற்றுகிறது என்பதற்குத் தமிழும் தெலுங்கும் ஒரு நல்ல சான்று தருகின்றன. இரண்டு மொழிகளிலும் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்பவரையும் உளப்படுத்தினால் தமிழில் ‘நாம்’, தெலுங்கில் ‘மனமு’. கேட்பவரை விலக்கினால் ‘நாங்கள்’, ‘மேமு’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலம் மட்டுமே அறிந்த இளைஞர் ஒருவர் தமிழில் இறைவனை நோக்கிப் பிறருக்காகச் செபிக்க முற்படும் முதல் நாளே இவ்வேறுபாட்டில் இடறுவார். கடவுளிடம் பேசும்போது ‘எங்கள் பாவங்கள்’ என்றே சொல்ல வேண்டும். ‘நம் பாவங்கள்’ என்றால் கடவுளும் பாவிகளின் வரிசையில் சேர்ந்துவிடுவார். செபம் முடிந்து வீட்டாரிடம் திரும்பியதும் ‘நாம்’ என மாற வேண்டும். மாறாவிட்டால் எதிரே இருப்பவர்களை வெளியே நிறுத்தியதாகும். யாரை உள்ளே சேர்க்கிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பது அவருக்கு இலக்கணப் பாடத்தில் வரும் விதியாக மட்டும் நின்றுவிடாது. வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதை அவர் முடிவு செய்தாக வேண்டும்.

இனி இதே இளைஞரின் இடத்தில் ஆய்வாளரை வைத்துக் காளஹஸ்திக்கு வருவோம். 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த இவ்வூர், தமிழ் ஆய்வாளருக்குத் திருக்காளத்தி. தேவார மூவரும் பாடிய தலம். கண்ணப்பர் கண்ணை அப்பிய இடம். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள கோயில். தெலுங்கு ஆய்வாளருக்கு அது தூர்ஜடியின் ஊர். கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பி, 2010 மே மாதம் சரிந்து விழுந்த ராஜகோபுரத்தின் ஊர். 1953இல் ஆந்திரம் பிரிந்தது, ம.பொ.சி. முதலியோரின் வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960இல் திருத்தணி தமிழகம் வந்தது. காளஹஸ்தி ஆந்திரத்திலேயே நின்றது. அன்று தொட்டு, தமிழ் ஆய்வாளருள் பலர் அவ்வூரை இழந்த சொத்தாகவே காண்கின்றனர். இழந்த சொத்தைப் பார்க்கப் போகிறவர் சுவரையும் கல்லையும் பார்ப்பார். அங்குக் குடியிருப்பவர் பேசுவதைக் கேட்கமாட்டார்.

குடியிருப்பவரோ ஒரு மொழிக்காரர் அல்லர். வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசுவோர் இப்பகுதியில் உண்டு. சித்தூர், நெல்லூர்ப் பகுதிகளில் பரவி வாழும் யானாதிகளின் தெலுங்குக்குத் தனி இயல்பு உண்டு. தமிழோடு நெருங்கிய உறவுடையதென மொழியியலார் வகைப்படுத்தும் எருகல மொழியைப் பேசுவோரும் ஆந்திரத்தில் வாழ்கின்றனர். இத்தகைய இடத்துக்கு ஒருவர் இரு வாரப் பயணமாக வந்து, விடுதியில் தங்கி, உள்ளூர்ப் பட்டதாரி ஒருவரை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தி, ஆங்கில வினாநிரலோடு யானாதிக் குடியிருப்புக்குப் போகிறார் எனக் கொள்வோம். முதியவர் ஒருவர் ‘மேமு’ என்று தொடங்குகிறார். ‘நீங்கள் நீங்கலாக நாங்கள்’ என்பது அதன் பொருள். சற்று நேரம் கழித்து, மொழிபெயர்ப்பாளரை நோக்கி ‘மனமு’ என்கிறார். அந்த ஒரு சொல்லில் உறவின் எல்லை இடம் மாறிவிட்டது. ஆங்கிலக் குறிப்பேட்டில் இரண்டும் ஒரே சொல்லாக விழுகின்றன. அடையாளம் பற்றி எழுதப்படும் ஆய்வேடு, அடையாளம் வெளிப்பட்ட கணத்தையே தவறவிட்டுவிட்டது. அதன் பிறகு முந்நூறு பக்கம் கோட்பாடு எழுதினாலும் அந்த இழப்பு ஈடாகாது.

மொழியின்றிக் களம் புகுந்தால் என்ன நேரும் என்பதற்கு மார்மன் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அதுவும் காளஹஸ்தியிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவிலுள்ள சென்னையில். 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரில் கூடிய மாநாட்டில் இந்தியாவுக்கென நியமிக்கப்பட்டவர்களுள் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் ஆகிய மூவர் 1853இல் சென்னை வந்தனர். பணப்பையின்றி, பிறர் இடும் உணவையும் தரும் இடத்தையும் நம்பிச் செல்வது அவர்களது நெறி. ஆங்கிலத்தில் பேசினார்கள், ஆங்கிலத்தில் துண்டுநூல்கள் அச்சிட்டார்கள், 1854இல் ஆங்கில இதழ் ஒன்றையும் நடத்தினார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரர், ஐரோப்பியக் குடிகள், கலப்பினத்தார். 1854இல் பாலன்டைன் கப்பலேறியபோது எஞ்சியது கைவிரலில் எண்ணிச் சற்றே மிகும் அளவிலான சிறு கூட்டம். அக்காலத்திலேயே ரேனியஸின் தமிழ் இலக்கணமும் ராட்லரின் தமிழ் அகராதியும் அச்சில் இருந்தன. கற்க விரும்பியவருக்குக் கருவி இல்லை என்று சொல்ல முடியாது.

தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன. அதே 1852 மாநாட்டில்தான் பலதார மணம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அச்செய்தி இந்தியா வந்ததும் பத்திரிகைகளும் பாதிரிமாரும் எதிர்த்தெழுந்தனர். பூனாவில் ஹியூ ஃபிண்ட்லே மராத்தி கற்க முயன்றும் பெருவெற்றி காணவில்லை. ஆகவே மொழி இருந்தால் எல்லாம் கைகூடும் என்று எவரும் வாதிட வேண்டியதில்லை. மொழி இல்லாவிட்டால் எந்தக் கதவுகள் திறக்கும் என்பதே இங்கு வினா. சென்னையில் அம்மூவருக்கும் திறந்தவை ஆங்கிலம் புரிந்த கதவுகள் மட்டுமே. இன்றும் இந்தியப் பெருநகரங்களில் இச்சபையின் பணி எங்கெல்லாம் ஆங்கிலத்தைச் சார்கிறதோ, அங்கெல்லாம் அது அந்தக் கதவுகளையே தட்டுகிறது. 1978இல் சமோவாவில் சபையில் சேர்ந்திருந்த ஒரு தெலுங்குத் தம்பதியர் ஐதராபாத் வந்தபோது, குறுகிய காலத்தில் இருபதுக்கு மேற்பட்ட உறவினர் திருமுழுக்குப் பெற்றனர். உறவு அதற்கு முதற்காரணம். அவ்வுறவு புழங்கியதோ தாய்மொழியில். 1982இல் மார்மன் நூலின் தெரிந்தெடுத்த பகுதிகள் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்தன. காலம் கடந்தேனும் சபை பாடம் கற்றது. சென்னையில் நேர்ந்த பிழையை இன்னும் விடாமல் செய்துகொண்டிருப்பது ஆய்வுலகம்தான்.

இவ்வட்டாரத்திலேயே நேர்மாறான மரபும் இருந்தது. ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் ஊழியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நாயுடுப்பேட்டை தொடங்கிக் காளஹஸ்தி, திருப்பதி வரை தெலுங்கு நாட்டில் நிலையங்கள் அமைத்தனர். தெலுங்கு கல்லாத ஊழியருக்கு அங்கு வேலையில்லை. மசூலிப்பட்டினத்தில் பணியாற்றிய ஆர்டன் 1873இல் தெலுங்கு இலக்கணமும் 1891இல் பேச்சுத் தமிழுக்கு இலக்கணமும் வெளியிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வந்தது. திராவிட மொழியியல் இன்று தலையில் வைத்துப் போற்றும் நூல்களில் பல, வாசற்படியில் நின்று பேசியாக வேண்டிய நெருக்கடியில் பிறந்தவை. அந்நூல்களை மேற்கோள் காட்டுவோர் அந்த நெருக்கடியை மட்டும் தமக்கு வேண்டாமென்கின்றனர்.

மறுப்புகள் எழும். முதலாவது: ஊழியர் கற்கும் மொழி குறுகியது, செபமும் சாட்சியும் தாண்டினால் தடுமாறுவார், அவர் கற்பது பிறரை மாற்றவே அன்றிக் கேட்பதற்கு அன்று. இது உண்மை. அதனாலேயே ஆய்வாளரின் குற்றம் பெரிதாகிறது. பேச வந்தவரே மொழியைக் கற்கிறார். கேட்க வந்ததாகச் சொல்பவரோ அதைக் கற்கவில்லை. இரண்டாவது: ஊழியருக்குப் பின்னால் செல்வமும் அதிகாரமும் நிற்கின்றன. நிற்கின்றன; ஆயினும் வாசலில் அவரை மறுக்க இயலும். 2007இல் ஆந்திர அரசு திருமலை முதலிய வழிபாட்டுத் தலங்களில் பிறசமயப் பரப்புரையைத் தடுத்துச் சட்டமும் இயற்றியது. வட்டாட்சியர் அலுவலகக் கடிதத்தோடும் ஊராட்சித் தலைவரின் துணையோடும் வரும் ஆய்வாளரை ஓர் ஏழைக் குடியிருப்பால் அவ்வளவு எளிதில் மறுக்க இயலுமா? மூன்றாவது: காலம் இல்லை, நிதி இல்லை. முனைவர் பட்டத்துக்கு மூன்று முதல் ஆறு ஆண்டு வரை கிடைக்கிறது. ஊழியருக்குக் கிடைப்பது இரண்டே ஆண்டு. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு எந்த நல்கையும் தேவையில்லை.

காளத்திக்கே உரிய கதை ஒன்று இங்குப் பொருந்தும். திண்ணன் படைத்த ஊனின் எச்சத்தைக் கண்ட சிவகோசரியார், யாரோ தீங்கு செய்தார் என முடிவு கட்டினார். அவர் படித்தவர், ஆகமம் அறிந்தவர், கையில் சான்றும் இருந்தது. சான்றை மட்டும் பார்த்தார், செய்தவனைப் பார்க்கவில்லை. இறைவன் கனவில் வந்து, மறைந்திருந்து நேரே காணுமாறு பணித்த பிறகே அவருக்கு உண்மை விளங்கியது. எச்சத்தைக் கொண்டு மனிதரைக் கணிக்கும் பிழை அம்மலைக்குப் புதிதன்று.

செய்ய வேண்டியது என்ன? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்ட மாணவர் குறைந்தது 12 மதிப்பலகுப் பாடநெறியை முடிக்க வேண்டும் என்கின்றன. ஆய்வு வெளியீட்டு அறம் அதில் கட்டாயம்; களமொழி கட்டாயமில்லை. களஆய்வு செய்யும் ஒவ்வொரு துறையும் மூன்றைத் தானாகவே நடைமுறைப்படுத்தலாம். களம் செல்லுமுன், அம்மொழி பேசும் ஒருவர் முன்னிலையில் அரை மணி நேர வாய்மொழித் தேர்வு. மொழிபெயர்ப்பாளர் துணை கொண்டிருந்தால், அவர் இசைவுடன் அவர் பெயரும், எந்தெந்த உரையாடல் அவர் வழி வந்தது என்பதும் ஆய்வேட்டில் பதிவு. நிறைவு வாய்மொழித் தேர்வுக்கு முன், ஆய்வின் முடிவுகளை அம்மக்களின் மொழியில் அம்மக்கள் முன் எடுத்துரைத்தல்.

மூன்றாவதே கடினமானது. அங்குதான் முதியவர் எழுந்து, ‘அப்படி நாங்கள் சொல்லவில்லை’ என்பார். அதில் உள்ள ‘நாங்கள்’ யாரை விலக்குகிறது என்பதை மொழிபெயர்ப்பின்றிப் புரிந்துகொள்ளும் வரை, மார்மன் ஊழியரைக் கண்டு சிரிக்கும் உரிமை எந்த ஆய்வாளருக்கும் இல்லை.