திரையரங்க மனையில் யாருக்கு இடம்?

தூத்துக்குடி மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போவதில்லை. என் சிறு வயதில் அந்த ஒரு நாள்தான் ஊரின் திரையரங்குகளுக்குத் திருநாள். கடற்கரைத் தெருக்களின் குடும்பங்கள், துறைமுகத் தொழிலாளர்கள், வாரமெல்லாம் விடியுமுன் உப்பளத்தில் இறங்குபவர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள் என எல்லோரும் ஒரே நுழைவாயிலில் முண்டியடிப்பார்கள். 'சார்லஸ்' என்று சொன்னால் போதும். அது ஆளின் பெயரன்று, திரையரங்கின் பெயர் என்பது ஊருக்கே தெரியும்.

பழைய திரையரங்குகளை இடித்து வீடுகளும் கடைகளும் கட்டும் பேச்சு எழும்போதெல்லாம் அந்த வரிசை நினைவுக்கு வருகிறது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யுடன் திறக்கப்பட்ட மதுரை தங்கம் திரையரங்கில் 2,563 இருக்கைகள் இருந்தன. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் பெருமை பேசிய அந்த மனையில் இன்று துணிக்கடை நிற்கிறது. சென்னை அண்ணா சாலையின் சாந்தி 1961இல் திறக்கப்பட்டது. 2016இல் மூடப்பட்டு வணிக வளாகத்துக்கு வழிவிட்டது. 1983 முதல் இயங்கிய அசோக் நகர் உதயம் வளாகம் 2024இல் விடைபெற்றது. அந்த மனையை வாங்கியது ஓர் அடுக்குமாடிக் கட்டுமான நிறுவனம்.

உரிமையாளர்களைப் பழிப்பதில் பயனில்லை. கணக்கு அவர்கள் பக்கம் இருக்கிறது. முன்பு ஒரு படம் சில அரங்குகளில் மட்டும் வெளியாகி நூறு நாள் ஓடியது. இப்போது ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் வெளியாகி, முதல் மூன்று நாள்களிலேயே வசூலை முடித்துக்கொள்கிறது. அடுத்த சில வாரங்களில் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. ஆயிரம் இருக்கை கொண்ட அரங்கு திங்கட்கிழமை காலையில் யாரைக் கொண்டு நிரம்பும்? நகரின் நடுவில் உள்ள மனைக்கோ ஆண்டுதோறும் விலை ஏறுகிறது.

பாரம்பரியச் சின்னமாக அறிவித்துக் காக்கலாம் என்கிறார்கள் சிலர். தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வரவே 2024 ஆயிற்று. அந்த வேகத்தை நம்பி எந்தக் கட்டடமும் காத்திருக்காது. தவிர, எல்லாத் திரையரங்கும் கட்டடக்கலை அருமை உடையதன்று. பல வெறும் தகரக் கூரைகள். (அந்தக் கூரையில் மழை விழுந்தால் வசனம் கேட்காது என்பதும் நினைவிருக்கிறது.)

எனக்குக் கவலை சுவரைப் பற்றியதன்று. சிறு கட்டணத்தில் பல தெருக்காரர்களும் ஒன்றாக உட்கார முடிந்த கூடம் மறைந்து, அங்கே வாங்க வசதியுள்ளவர்கள் மட்டும் நுழையும் இடம் எழுவதுதான் இழப்பு. மும்பை இதற்கு ஒரு வழி கண்டது. திரையரங்க மனையை மறுகட்டுமானம் செய்பவர், பழைய இருக்கைகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கொண்ட அரங்கைப் புதிய கட்டடத்துக்குள் அமைக்க வேண்டும் என்று அதன் வளர்ச்சி விதிகள் கூறின. நட்டத்தில் ஓடும் அரங்கைத் தலையில் கட்டுகிறார்கள் என்று உரிமையாளர்கள் முறையிட்டார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் விதியைக் கைவிடுவதைவிடத் திருத்துவதே மேல்: அந்தக் கூடம் திரைப்படத்துக்கு மட்டும் என்றில்லாமல் நாடகம், கூட்டம், மாணவர் நிகழ்ச்சி, திருமண வரவேற்பு என எதற்கும் திறந்திருக்கலாம், ஈடாகக் கூடுதல் தளப்பரப்பு வழங்கலாம்.

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான சிந்தனையும் அன்று. மனையின் பரப்பு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்று நம் கட்டட விதிகள் ஏற்கெனவே கேட்கின்றன. விளையாட நிலம் கேட்கும் அரசு, கூடி உட்காரக் கூரை கேட்கக் கூடாதா?

எங்கள் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளர்கள் வருமானமின்றிக் கரையில் இருக்கும் மாதங்கள், வெயிலும் உச்சத்தில் இருக்கும் மாதங்கள். திரையரங்கு இருந்தவரை அவர்களுக்குப் பகல் காட்சி இருந்தது. அந்த மனைகளில் ஒன்றுக்குப் புதிய வரைபடம் மாநகராட்சியின் மேசைக்கு வரும்போது, எத்தனை வீடு, எத்தனை கடை, எத்தனை வாகன நிறுத்தம் என்று அலுவலர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். எத்தனை இருக்கை என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இப்போது இல்லை.