பாக் குடும்பத்தார்

குலவித்தைக்குப் பயிற்சி வேண்டா என்பர் சிலர். செருமனி நாட்டுப் பாக் குடும்பத்தார் வரலாறு அக்கூற்றை மறுக்கின்றது. அக்குடியின் முன்னோரான வைட் பாக் ரொட்டி சுடும் தொழிலினர். மாவரைக்கும் ஆலையிலும் நரம்புக்கருவி மீட்டி மகிழ்ந்தவர். அவர் வழியில் 200 ஆண்டுகட்கு மேலாக, 50 பேருக்கு மிகுந்த இசைவாணர் தோன்றினர்.

அவருள் தலைசிறந்தவர் 1685-இல் பிறந்த செபாஸ்டியன். பத்தாண்டு நிரம்புமுன் பெற்றோரை இழந்து, தமையனாரிடம் வளர்ந்தார். தமையனார் பூட்டிவைத்த இசைச்சுவடியைக் கம்பிகளினூடே கைநீட்டி எடுத்து, ஆறு திங்கள் நிலவொளியில் ஒளிந்து படியெடுத்தார் என்பர். அப்படியைத் தமையனார் பறித்துக்கொண்டாராம். அத்துணைக் கடுமை வேண்டுவதன்று. இசை குருதியிலேயே ஊறிவருமெனின், அச்சிறுவர் கண்விழித்து வருந்தியது எதற்கு?

1720-இல் அவரே, ஒன்பது அகவை நிரம்பிய தம் மூத்த மகனுக்குப் பயிற்சிநூல் ஒன்று எழுதத் தொடங்கினார். அதில் எச்சுரத்தை எவ்விரலால் தொடுதல் வேண்டும் என்பதையும் எண்ணிட்டுக் காட்டினார்.