ஏசியைக் குறை சொல்லுமுன் மொட்டை மாடியைப் பாருங்கள்

வேலூரில் ஏசி பழுது பார்ப்பது என் தொழில். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில் வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: "தம்பி, 18ல வெச்சும் ரூம் சில்லுனே ஆகல. கேஸ் போயிடுச்சு போல, வந்து ஃபில் பண்ணிக் குடுங்க."

பெரும்பாலும் கேஸ் போயிருக்காது. அது பெட்ரோல் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கசிவு இல்லாமல் குறையாது. கசிவைத் தேடாமலே வருடா வருடம் கேஸ் ஏற்றிப் பணம் வாங்குவது எங்கள் தொழிலில் நடக்கும் அநியாயம். அளவுக்கு மேல் ஏற்றினால் கம்ப்ரசருக்குத்தான் கேடு.

நான் முதலில் பார்ப்பது அவுட்டோர் யூனிட்டை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது அதுதான். ஒன்றரை டன் என்று பெட்டியில் போட்டிருப்பது, வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்த கணக்கு. 42 டிகிரியில் அதே இயந்திரம் அவ்வளவு வெப்பத்தை எடுக்காது; கரண்டை மட்டும் கூடுதலாக இழுக்கும். இது போதாதென்று, பல அடுக்குமாடிகளில் அவுட்டோர் யூனிட்டுக்கு இடமே விடுவதில்லை. கிரில் போட்டு அடைத்த பால்கனி, இரண்டு பிளாக்குக்கு நடுவே ஆள் நுழைய முடியாத சந்து, பாத்ரூம் குழாய்கள் இறங்கும் டக்ட் என்று கிடைத்த மூலையில் மாட்டுகிறோம். ஒன்றன் மேல் ஒன்றாக நாலு வீட்டு யூனிட்டுகள் தொங்கும் சந்தில், கீழ்வீடு தள்ளிய அனலை மேல்வீட்டு யூனிட் இழுக்கிறது. ஊருக்கு 41 டிகிரி என்றால் அந்தச் சந்துக்கு இன்னும் பல டிகிரி கூடுதல். உள்ளே அழுத்தம் எகிறி கம்ப்ரசர் கட் ஆகிவிடும். அறையில் வெறும் காற்று மட்டும் வரும். வீட்டுக்காரர் எனக்குப் போன் போடுவது அப்போதுதான்.

ரிமோட்டில் எண்ணை இறக்குவதாலும் பயனில்லை. அறை 34 டிகிரியில் கொதிக்கும்போது 24 வைத்தாலும் 18 வைத்தாலும் இயந்திரம் முழு மூச்சில்தான் ஓடும்.

மேல்மாடி வீடுகளின் பாடு இன்னும் மோசம். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம், ஊர் ஆறத் தொடங்கும் இரவு ஒன்பது மணிக்கும் உள்ளே அனலை இறக்கிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, அதன்மேல் தட்டு ஓடு பதிப்பார்கள். இப்போது செலவு மிச்சம் என்று தண்ணீர் கசியாமலிருக்க ஒரு பூச்சோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். சத்துவாச்சாரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை, ஒரு டன் ஏசியைக் கழற்றிவிட்டு இரண்டு டன் வாங்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பணத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். பழைய ஏசியே அவருக்குப் போதுமானதாக இருக்கிறது. ஆனால் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? மாடி அவருடையதல்லவே.

வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. நல்ல முடிவு. ஆனால் அந்தப் பேரிடரைப் படுக்கையறைக்குள் இறக்கும் கூரையை யார் கேட்பது? குடியிருப்புக் கட்டடங்களின் கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்பதற்கு, மத்திய அரசு 2018ல் வெளியிட்ட எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு வரம்பு சொல்கிறது. அந்த வரம்பை வரைபட அனுமதியின்போதே பார்க்க வேண்டும். கார் நிறுத்த இடம் காட்டாத அடுக்குமாடி வரைபடத்துக்கு அனுமதி கிடைக்காது. அதேபோல, காற்றோட்டமான இடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் அவுட்டோர் யூனிட் மேடையும் தளத்துக்கு வெப்பத் தடுப்பும் காட்டாத வரைபடத்தையும் திருப்பி அனுப்ப வேண்டும்.

அதுவரை, பிளாட் வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் பில்டரிடம் கேளுங்கள்: அவுட்டோர் யூனிட் எங்கே வரும், தளத்தின் மேல் என்ன போடுகிறீர்கள்? பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.