ஒரகடத்தைப் பற்றி எழுதியவை ஒரகடத்தில் கிடைக்க வேண்டும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் சிப்காட் பகுதிகளுக்குக் களப்பணிக்கு வரும் எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலைச் சமூகப்பணி) மாணவர்களில் பலர், ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் தடுமாறி நின்றுவிடுகிறார்கள். தங்கள் தலைப்பில் முன்பு என்னென்ன ஆய்வுகள் வந்தன என்று சொல்லவேண்டிய அத்தியாயம் அது. பெயரில் 'சோஷியல் ஒர்க்' என்று இருக்கும் இதழ்களைத் தேடுகிறார்கள். 1971 முதல் வரும் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சோஷியல் ஒர்க் கிடைக்கிறது; 1927-ல் சிகாகோவில் தொடங்கிய சோஷியல் சர்வீஸ் ரிவ்யூ கிடைக்கிறது. குழந்தைப் பாதுகாப்பு, முதியோர் பராமரிப்பு, மனநலம் என்று அவற்றில் கற்க நிறைய உண்டு. ஆனால் இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனி பேருந்தில் விடுதிக்குத் திரும்பும் இருபது வயதுப் பெண்ணை அவற்றில் காண்பது அரிது. கடைசியில் 'இப்பொருளில் இந்திய ஆய்வுகள் மிகக் குறைவு' என்று ஒரு வரி எழுதி அத்தியாயத்தை முடித்துவிடுகிறார்கள். இந்தத் தொழிற்பகுதியைப் பொறுத்தவரை அந்த வரி உண்மையல்ல.

ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா கைபேசி ஆலையை எடுத்துக்கொள்வோம். 2006-ல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் மூடப்பட்ட அந்த ஆலையைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அரசு அளித்த சலுகைகளின் கணக்கைக் கேள்வி கேட்டு ஆய்வாளர் மதுமிதா தத்தா எழுதிய கட்டுரை 2009-ல் எக்கனாமிக் அண்டு பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. அங்கே வேலைபார்த்த பெண்களின் வாழ்க்கைக் கதைகளை வைத்து அவர் எழுதிய ஆய்வு, ஜெண்டர், பிளேஸ் அண்டு கல்ச்சர் என்ற பெண்ணியப் புவியியல் இதழில் இருக்கிறது. அந்தப் பெண்களே தமிழில் பேசிய 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்' ஒலித்தொடர் 2021-ல் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் வந்தது. சம்பளம், விடுதி, காதல், கல்யாணம், கையில் வந்த காசு தந்த துணிச்சல் என்று சமூகப்பணி மாணவர் கேட்க விரும்பும் அத்தனையும் அதில் உண்டு. இவற்றில் ஒன்றுகூடச் சமூகப்பணி இதழ்களின் பட்டியலில் வராது. புவியியலும் தொழிலாளர் பொருளாதாரமும் பெண்ணிய ஆய்வும் இந்த மண்ணுக்கு முன்பே வந்து வேலைசெய்துவிட்டுப் போயிருக்கின்றன. சமூகப்பணித் துறைதான் இன்னும் தன் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே இதழின் பெயரை வைத்துத் தேடுவதை விட்டுவிட்டு ஊரையும் பிரச்சினையையும் வைத்துத் தேட வேண்டும் என்பது என் வாதம். கேட்க எளிது, செய்யப் பொறுமை வேண்டும். இப்பகுதி அடங்கிய மாவட்டமான காஞ்சிபுரத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டுகள் புழங்குகின்றன. ஒன்றை மட்டும் தட்டினால் மற்றதில் உள்ளவை கண்ணில் படாது. பல கட்டுரைகள் ஊர்ப்பெயரைச் சொல்லாமல் 'தமிழ்நாட்டின் சிறப்புப் பொருளாதார மண்டலம்' என்றோ 'மின்னணுத் தொழில்' என்றோ தலைப்பிட்டிருக்கும். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்துவிட்டால், அது யாரை மேற்கோள் காட்டுகிறது, பின்னால் யார் அதை மேற்கோள் காட்டினார்கள் என்று இரு பக்கமும் நூல் பிடித்துப் போகலாம். கூகுள் ஸ்காலரில் அதற்கு வழி இருக்கிறது. காசில்லாமல் படிக்கவும் இடங்கள் உண்டு. டாடா சமூக அறிவியல் கழகம் 1940-ல் தொடங்கிய இந்தியன் ஜர்னல் ஆஃப் சோஷியல் ஒர்க், வி.வி.கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனத்தின் லேபர் அண்டு டெவலப்மென்ட், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுத்தாள்கள், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஷோத்கங்கா ஆகியவற்றை முதலில் சொல்வேன். ஜேஸ்டோரில் தனிநபர் கணக்கு தொடங்கினால் மாதத்துக்கு 100 கட்டுரைகள் வரை திரையிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்ட, 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த திட்டம் அது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கானது. சுயநிதிக் கல்லூரியில் எம்.எஸ்.டபிள்யூ. படிக்கும் மாணவி அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே இருப்பவருக்கும் 13,000 இதழ்களில் எதைத் திறப்பது என்று யாராவது சொல்லித்தர வேண்டும். சந்தா கட்டுவது அரசின் வேலை. எதைப் படிக்கலாம் என்று வழிகாட்டுவது ஆசிரியரின், நூலகரின் வேலை. அதை எந்த அமைச்சரவையும் செய்துதர முடியாது.

எச்.ஆர். வேலைக்குப் போகப்போகிறவருக்கு ஆய்விதழ் எதற்கு என்ற எதிர்வாதம் இன்னும் கனமானது, நேர்மையானதும்கூட. இங்கே களப்பணி செய்பவர்களில் பலர் தொழிற்சாலைப் பணிகளுக்கே போகிறார்கள். 500 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு. அப்படியொரு பொறுப்பில் அமர்பவருக்கு இப்பகுதியின் முந்தைய அனுபவம் தெரியாவிட்டால் என்ன ஆகும்? 2021 டிசம்பரில் இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்று, 150-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்று, சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்த பிறகே விடுதியின் நிலை உலகுக்குத் தெரிந்தது. 2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம், சங்க அங்கீகாரத்தை மையமாக வைத்து ஒரு மாதத்தைத் தாண்டி நீடித்தது. நோக்கியா காலத்து ஆய்வுகளைப் படித்தவருக்கு இவை எங்கிருந்தோ வந்த திடீர் கோபங்களாகத் தோன்றா. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. அத்தனை பேரின் சாப்பாடும் தூக்கமும் பாதுகாப்பும் நடமாட்டச் சுதந்திரமும் யாரோ ஒரு சமூகப்பணியாளரின் மேசைக்கு வரத்தான் போகின்றன. விடுதி வாழ்க்கை பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் அந்த மேசையில் உட்காருவதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. காசு கட்டினால் மூன்றே நாளில் வெளியிடுவதாக மின்னஞ்சல் அனுப்பும் 'சர்வதேச' இதழ்களை நம்ப வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவே 2018-ல் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. தரமான இதழ்களைக் காட்ட அக்குழு பின்னர் கொண்டுவந்த 'கேர்' பட்டியலும் 2025-ல் கைவிடப்பட்டது. இனி ஆசிரியர் குழுவில் இருப்பவர் யார், கட்டுரையைத் துறை அறிஞர்கள் மதிப்பிட்டார்களா என்று அவரவரே பார்த்தாக வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரிலேயே ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. 2012-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்றது. இப்பகுதியைப் பற்றி எந்தத் துறையில் எது வெளிவந்தாலும் அதன் விவரத்தையும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தையும் சேர்த்துவைக்கும் பொறுப்பை அது ஏற்கலாம். எழும்பூரில் 1952 முதல் இயங்கும் சென்னை சமூகப்பணிக் கல்லூரி போன்றவை, இங்கே களப்பணிக்கு வரும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரைக்குச் சுருக்கம் எழுத வேண்டும் என்று பாடத்திட்டத்திலேயே வைக்கலாம். இரண்டே ஆண்டுகளில் நல்லதொரு தொகுப்பு கையில் இருக்கும். அது தமிழில் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இந்த ஆய்வுகளுக்காகத் தங்கள் நேரத்தையும் கதையையும் கொடுத்த பெண்கள் தமிழில்தான் பேசினார்கள். தங்களைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்று படித்துப் பார்க்க அவர்களுக்கு இன்றுவரை வழியில்லை.