ஊருக்குப் போகும் நாமும் உல்லாசப் பயணிகளே

கோடை விடுமுறையும் நல்லூர்க் கந்தன் திருவிழாவும் ஒன்றையொன்று ஒட்டி வருவதால், அந்நாட்களில் சவுத்தாலிலிருந்து எம்மவர் பலர் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் செல்கின்றனர். "ஊருக்குப் போகிறோம்" என்கிறோம். ஆனால் பிரித்தானியக் கடவுச்சீட்டுடன் கட்டுநாயக்காவில் இறங்கும் நாம், இலங்கை அரசின் கணக்கில் உல்லாசப் பயணிகளே. இச்சொல் சிலருக்குக் கசக்கலாம். எனினும் அதிலே ஒரு கடமையும் அடங்கியிருக்கிறது.

இலங்கைக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் முக்கிய தொழில்களுள் உல்லாசப் பயணத்துறையும் ஒன்று. 2018 இல் ஏறத்தாழ 23 இலட்சம் பேர் வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தென் கடற்கரை, கண்டி, சீகிரியா என்று சுற்றித் திரும்புபவர்கள். போர் முடிந்தபின் வடக்கிற்கும் வழி திறந்தது. 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. இடையில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

வழி திறந்தால் மட்டும் போதுமா? கிழக்கில் பாசிக்குடாவைப் பாருங்கள். போருக்குப் பின் அங்கே பெரிய ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. ஆயினும் படகு இழுக்கும் கரை சுருங்கிவிட்டதென்று மீனவர்களும், நல்ல வேலைகள் வெளியூராருக்கே போகின்றன என்று இளைஞர்களும் முறையிட்டனர். எத்தனை பேர் வந்தனர் என்பதைவிட, அவர்கள் செலவழித்ததில் எவ்வளவு அவ்வூரில் தங்கியது என்பதே கேள்வி.

இதில் நாம் செய்யக்கூடியது உண்டு. கொழும்பிலிருந்தே வானும் சாரதியும் பிடித்துச் செல்லாமல், யாழ்ப்பாணத்தவர் ஒருவரை அமர்த்தலாம். உறவினர் வீட்டில் இடம் போதாதபோது உள்ளூரவர் நடத்தும் சிறு விடுதியில் தங்கலாம். நல்லூரோடு நின்றுவிடாமல், பிள்ளைகளை நெடுந்தீவுக்கு அழைத்துச் சென்று அங்குள்ள குதிரைகளையும் பவளக்கல் மதில்களையும் காட்டலாம். வழிகாட்டும் இளைஞனுக்கு உரிய கூலி கொடுக்கலாம். பனங்கட்டியும் புழுக்கொடியலும் பனையோலைப் பெட்டியும் வாங்கும்போது பேரம் பேசாமல் வாங்கலாம்.

இத்தொழிலை மட்டும் நம்பி ஒரு பிரதேசம் வாழலாம் என்று நான் சொல்லவில்லை. ஹீத்ரோவை அண்டி வாழும் சவுத்தாலுக்கு இது நன்றாகத் தெரியும். 2019 இல் 8 கோடிப் பயணிகளைக் கண்ட அந்த விமான நிலையம், 2020 இல் சுமார் 2 கோடியே 20 இலட்சம் பேரையே கண்டது. அங்கே துப்புரவு, உணவு, பொதி ஏற்றும் வேலைகளை நம்பியிருந்த எத்தனையோ வீடுகள் தடுமாறின. இலங்கைக்கோ 2021 இல் இரண்டு இலட்சம் பேர்கூட வரவில்லை. ஆகவே வயலும் கடலும் பனையும் முதலில். உல்லாசப் பயணம் அவற்றுக்குத் துணை.

நாம் உறவினருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம், வைத்தியசாலையில் சேலைன் ஏற்றுவது போன்றது. அது உயிரைக் காக்கும். ஆனால் நோயாளி எழுந்து தன் கையால் உண்ணும் நாளே அவர் தேறிய நாள். அன்பளிப்பாகக் கொடுக்கும் ஆயிரம் ரூபாயைவிட, செய்த வேலைக்குக் கூலியாகக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் ஓர் இளைஞனை நிமிர்ந்து நிற்கச் செய்யும். இம்முறை ஊருக்குப் புறப்படும் அன்பர்கள் இதனைச் சற்றுச் சிந்திப்பார்களாக.