மூஸ் மானுக்கு எத்தனை பெரிய குண்டு?

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. அதுவும் துப்பாக்கியைப் பத்தி. பயப்படாதீங்க மக்களே, நான் வாழ்க்கையில தொட்ட ஒரே துப்பாக்கி தீபாவளிக்கு வாங்குற ரோல் கேப் துப்பாக்கிதான் :-)

விஷயம் இதுதான். நம்ம தவளக்குப்பத்துல என்னோட படிச்சவன் ஒருத்தன். அவங்க தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர். புதுச்சேரி பக்கம் இருக்கறவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை. பயல் பாரீஸ் போனான், அங்கிருந்து கனடாவுல கியூபெக் போயி செட்டில் ஆயிட்டான். கூட வேலை பாக்குறவங்க எல்லாம் வருஷா வருஷம் மூஸ் வேட்டைக்குப் போறவங்களாம். இந்த வருஷம் இவனையும் கூப்பிட்டிருக்காங்க. பாதுகாப்புப் பயிற்சி முடிச்சு லைசென்சும் வாங்கிட்டான். போன வாரம் வாட்ஸப்புல ஒரு வாய்ஸ் மெசேஜ்.

"மச்சான், கடைக்காரன் .338 வின்செஸ்டர் மேக்னம் வாங்குன்றான். கூட இருக்கறவன் .308 போதும்ன்றான். நீதான் கார்பெட்டு, ஆண்டர்சன்னு கரைச்சுக் குடிச்சவனாச்சே, எதுடா வாங்கலாம்?"

கேள்வி சின்னதுதான். ஆனா ரெண்டு நாள் அது மண்டையைக் குடைஞ்சுது. என் பதிலை இங்கயும் எழுதி வைக்கறேன்: சின்னதையே வாங்கு, மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பழகு.

ஏன்னு சொல்றேன். மூஸ்தான் உலகத்துலயே பெரிய மான். நம்ம ஊர்க் காடுகள்ல இருக்கற கடமான்ல பெரிய கிடா முன்னூறு கிலோவை நெருங்கும். மூஸ் கிடா ஐநூறு கிலோவையும் தாண்டும். தோள் உயரமே ஆறடி. இதைப் பார்த்தா யாருக்கும் முதல்ல தோணுறது, மிருகம் பெருசு, அதனால குண்டும் பெருசா இருக்கணும்னுதான். அந்தக் கடைக்காரன் சொன்னதும் அதேதான்.

ஆனா துப்பாக்கிக் குண்டு மிருகத்தைத் தள்ளிச் சாய்க்கறதில்லை. சினிமாவுல வில்லன் பறந்து போயி விழறது எல்லாம் கயிறு கட்டி எடுத்தது. குண்டு நுரையீரலையோ இதயத்தையோ கிழிச்சா, ரத்தம் போயி மிருகம் சாயும். சரியா அடிபட்ட மூஸே கொஞ்ச தூரம் நடந்து போயிதான் விழும். அந்த இடத்துல படாம வயித்துலயோ கால்லயோ பட்டா, .338 ஆனாலும் வேற எதுவானாலும் மிருகம் காட்டுக்குள்ள போயிடும். அப்புறம் பல மணி நேரமோ பல நாளோ வலியிலயே கிடக்கும்.

ஸ்வீடன்ல பல தலைமுறையா மூஸ் சுட்டுக்கிட்டிருக்காங்க. அவங்க சட்டம் காலிபர் பேரைப் பார்க்கலை. 10 கிராமோ அதுக்கு மேலயோ எடையுள்ள தோட்டா, 100 மீட்டர் தூரத்துல 2000 ஜூல் சக்தியோட போகணும்னு கணக்கு வச்சிருக்காங்க. 1894ல வந்த 6.5×55 ராணுவத் தோட்டாவே இதுல பாஸ் ஆயிடும். ஆறரை மில்லிமீட்டர்! நம்ம கடைக்காரன் கேட்டா சிரிப்பான். பக்கத்துல நார்வேயில இன்னும் ஒரு படி மேல. பெரிய மிருகத்தைச் சுடணும்னா வருஷா வருஷம் சுட்டுக் காட்டிப் பரிட்சை பாஸ் பண்ணணும். மிருக உருவம் வரைஞ்ச அட்டையில 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள்ள, 100 மீட்டர்ல இருந்து, அஞ்சுக்கு அஞ்சு. அதுக்கு முன்னாடி பயிற்சிக்கு 30 குண்டு வேற. துப்பாக்கிக்கு மட்டுமில்லாம கைக்கும் அங்க பரிட்சை இருக்கு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது.

பெரிய காலிபர்ல என்ன கெடுதல்னு கேப்பீங்க. உதைதான். .308ஐ விட .30-06 கொஞ்சம் கூடுதலா உதைக்கும், .300 மேக்னம் அதை விட, .338 அதுக்கும் மேல. ரெண்டு தடவை தோள்ல வாங்கினவன் மூணாவது தடவை விசையை அமுக்கறப்போ தன்னையறியாம கண்ணை மூடுவான், தோளை இழுப்பான். குண்டு அரை அடி தள்ளிப் போகும். அந்த அரை அடிதான் நுரையீரலுக்கும் வயித்துக்கும் உள்ள தூரம்.

இதைப் பயலோட தாத்தாகிட்டயும் கேட்டேன். தொண்ணூறைத் தொடப் போறார், காது கொஞ்சம் மந்தம். அல்ஜீரியாவுக்குப் போயிட்டு வந்தவர். நான் காலிபர் பேரெல்லாம் கத்திக் கத்திச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "கண்ணை மூடிக்கிட்டுச் சுடாதன்னு சொல்லு அவன்கிட்ட"ன்னார். அவ்வளவுதான், பேப்பரை எடுத்துக்கிட்டார்.

இனி என் கார்பெட் பைத்தியத்துக்கு வர்றேன். 1907ல சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டப்போ அவர் கையில இருந்தது .500 ரைபிள், பெரிய சாமான்தான். ஆனா இருந்தது மூணே தோட்டா. ஒண்ணு தப்பிச்சு, ரெண்டு பட்டும் புலி சாகலை. ஓடிப் போயி தாசில்தாரோட பழைய துப்பாக்கியை வாங்கிட்டு வந்து முடிச்சார். அந்த வேட்டைக்காக அவருக்குப் பரிசாக் கிடைச்சது .275 ரிக்பி. சம்பாவத்துல அவர் கையில இருந்ததோட ஒப்பிட்டா இது குச்சி மாதிரி. பின்னாடி அவர் பேரோட சேர்ந்து நிலைச்சது அந்தக் குச்சிதான். அதே .275ஐ வச்சுத்தான் ஆப்பிரிக்காவுல பெல்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் நூத்துக்கணக்குல யானை சுட்டார். யானை மண்டையை அறுத்துப் பார்த்து, மூளை எங்க இருக்குன்னு படிச்சு வச்சிருந்த ஆள். (அவர் பண்ணதை நான் மெச்சலை. கணக்குக்குச் சொல்றேன்.)

ஆனா நான் மறக்காதது வேற. அந்தச் சம்பாவத் புலிக்கு வலது பக்கம் மேல் கோரைப்பல்லும் கீழ் கோரைப்பல்லும் உடைஞ்சிருந்தது. எப்பவோ யாரோ சுட்ட குண்டு. இரையைப் பிடிக்க முடியாமத்தான் அது மனுஷன் பக்கம் திரும்பிச்சுன்னு கார்பெட்டே எழுதறார். கணக்குப்படி 436 பேர். அரைகுறையாச் சுட்டுட்டு வீட்டுக்குப் போன அந்த ஆள் யாருன்னு யாருக்கும் தெரியாது. என்ன காலிபர்னும் தெரியாது.

"வேட்டையே தப்பு, அதுல என்ன நல்ல வேட்டை கெட்ட வேட்டை"ன்னு சிலர் சொல்வீங்க. நம்ம நாட்டுல 1972 சட்டத்துக்கு அப்புறம் வேட்டைன்றதே கிடையாது, அது எனக்குச் சந்தோஷம்தான். ஆனா சுடறது நின்னு போச்சா? தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில அரசே அறிவிச்சுது. காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால விளைநிலத்துக்கு வர்ற காட்டுப்பன்னியை வனத்துறை ஆட்கள் சுடலாம். நிலக்கடலையும் மரவள்ளியும் போட்டுட்டு ராத்திரி முழுக்கத் தகரம் தட்டுற விவசாயியை நினைச்சா அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. சட்டத்துக்கு வெளிய நடக்கறதுதான் கொடுமை. பால்ரஸ் போட்டு இடிச்ச நாட்டுத் துப்பாக்கி. அதை விட மோசம் அவுட்டுக்காய். பன்னிக்கு வச்சதைக் கடிச்சு வாய் சிதைஞ்சு, சாப்பிட முடியாம செத்த யானைங்க உண்டு. அதனால பன்னியைச் சுட அனுப்பற ஆளுக்கும் நார்வே மாதிரி வருஷா வருஷம் ஒரு பரிட்சை வைக்கணும்ன்றது என் கட்சி.

எனக்குப் பத்து வயசு இருக்கும். பாகூர் ஏரிக்கரையில யாரோ சுட்ட நத்தைக்குத்தி நாரை ஒண்ணு, ஒரு இறக்கை தொங்க, கோரைக்குள்ள நின்னுக்கிட்டிருந்தது. கிட்டப் போனா அலகைத் திறந்து மிரட்டும். ஆனா சத்தம் வராது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிப் போயி பார்த்தேன், அதே இடத்துல நின்னுது. மூணாவது நாள் இல்லை. சுட்டவனுக்கு அது தப்பிச்சுப் போன கொக்கு, அவ்வளவுதான். எனக்கு இன்னிக்கு வரைக்கும் அது போகலை.

அதனால பயலுக்கு இப்படி எழுதி அனுப்பினேன்: "மச்சான், .308 இல்லன்னா .30-06. கிடைக்கிற நல்ல மூஸ் தோட்டாவா வாங்கு. இருபது இருபதா அஞ்சு பெட்டி அட்டையில சுட்டுப் பழகு. நூறு மீட்டர்ல அஞ்சுக்கு அஞ்சு வட்டத்துக்குள்ள விழலைன்னா இந்த வருஷம் போகாத. சமையல் பண்ணிப் போடு, மூஸ் குழம்பு வைக்கக் கத்துக்கோ. மூஸ் பக்கவாட்டுல நிக்கலைன்னா சுடாத. சுட்டுட்டா, தேடி முடிக்காம வீட்டுக்கு வராத. தாத்தா வேற கண்ணை மூடாதன்னு சொன்னார்."

நேத்து பதில் வந்துது. .308 வாங்கிட்டானாம். முதல் நாள் அஞ்சுல ரெண்டுதான் வட்டத்துக்குள்ளயாம்.

"கண்ணை மூடறேன் மச்சான், தாத்தா எப்படிடா கண்டுபிடிச்சார்?"ன்னு கேக்கறான்.