கைராசிப் புரட்டு

“அவன் கை ராசியான கை; பெயிண்ட் கண்ணாடி மாதிரி நிற்கிறது. இவனுக்கு ராசியில்லை, அடித்தால் வழிகிறது” என்னும் பேச்சு, கார்களுக்கு ஒடுக்கு எடுத்துப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைகளில் சர்வ சாதாரணமாய் வழங்கி வருகின்றது. ஏதோ விளையாட்டுப் பேச்சு என்று நாம் விட்டுவிடலாமா என்றால், விட முடியாது. ஏனெனில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான், வேலை கற்க வந்த ஏழைப் பிள்ளைகளை வருஷக்கணக்காய் முட்டாள்களாக வைத்திருப்பதும், அவர்களுடைய நெஞ்சுக்குள் விஷத்தை ஏற்றுவதும் நடைபெற்று வருகின்றன.

நமது தெருவில் ஒரு பையன். வயது 19. இரண்டு வருஷமாய் ஒரு பட்டறையில் வேலை கற்கிறான். என்ன கற்றாய் என்று கேட்டோம். வாட்டர் பேப்பர் தேய்க்கக் கற்றிருக்கிறானாம். வேறு என்ன என்றோம். பேசாமல் நின்றான். பெயிண்டும் ஹார்ட்னரும் தின்னரும் கலக்கும் சமயம் பார்த்து அவனை டீ வாங்க அனுப்பிவிடுவது மேஸ்திரியின் வழக்கமாம். ஒரு நாள் துணிந்து, “அண்ணே, எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு ஊத்தணும்?” என்று கேட்டிருக்கிறான். “அதெல்லாம் சொல்லி வராதுடா. கைராசி வேணும். உனக்கு இருந்தா தானா வரும்” என்பது பதில். தோழர்களே! அந்த விகிதம் டின்னின் மேலேயே அச்சடித்திருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதனால்தான் அச்சடிக்கிறார்கள். ஆனால் இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறது. படிக்கத் தெரியாதவனுக்கு அச்சும் மந்திரந்தான் என்பது மேஸ்திரிக்கு நன்றாய்த் தெரியும்.

நிற்க. இது சில வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் வரும், பரம்பரையாய் ரத்தத்தில் ஊற வேண்டும் என்று சொல்லுகின்றவர்களும் இருக்கின்றார்கள். யார் பரம்பரை? எந்தப் பரம்பரை? மோட்டார் காருக்கு ஜெர்மனியில் பென்ஸ் என்பவர் பேடண்ட் வாங்கியது 1886-ல். பெயிண்ட் அடிக்கும் கன்னோ, அமெரிக்காவில் டொலிடோ நகரத்து வைத்தியரான டிவில்பிஸ் என்பவர் நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிப்பதற்காகச் செய்த கருவியை, அவருடைய மகன் பெயிண்ட் தெளிப்பதற்கு மாற்றி அமைத்ததில் வளர்ந்தது. 1923-ல் டூகோ என்னும் லேக்கர் காருக்கு வந்தது. அதற்கு முன் ஒரு காருக்கு வார்னிஷ் பூசிக் காயவைக்க வாரக்கணக்காயிற்று. அது வந்த பிறகு மணிக்கணக்காயிற்று. நமது பாட்டன் முப்பாட்டன் கண்ணால் கண்டிராத வஸ்துவுக்கு ரத்தத்தில் ராசி எங்கிருந்து வந்தது? எந்த ரிஷி எந்தச் சுலோகத்தில் தின்னர் கலக்கும் அளவு சொல்லிவிட்டுப் போனார்?

பேசிக்கொண்டே இருப்பதில் பயனில்லை என்று நாமே பரீட்சை செய்து பார்த்தோம். நமக்கு வயது நாற்பதுக்கு மேல். கன்னைக் கையில் தொட்டவர்களல்ல. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய அம்பாசடர் கதவு ஒன்றை வாங்கினோம். கீழ் விளிம்பில் துரு, நடுவில் ஒடுக்கு. பையனையும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வைத்துக்கொண்டோம். பெயிண்ட் அடிப்பதைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசுகிறார்களே ஒழிய, வேலையில் பெரும் பங்கு அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது என்பதை முதல் வாரமே தெரிந்துகொண்டோம். துருவின் மேல் பட்டி போட்டால் துரு உள்ளே இருந்து வேலை செய்கிறது. தகடு வெள்ளையாய்த் தெரியும்வரை சுரண்ட வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. பிறகு பட்டி. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் அளவுதான் ஹார்ட்னர். சீக்கிரம் இறுகட்டும் என்று நாம் அள்ளிப் போட்டோம். கரண்டியிலேயே இறுகிப்போயிற்று. அதிகமாய்ப் போட்ட ஹார்ட்னர் பின்னால் மேல் வர்ணத்தில் கறையாய்க் கிளம்பும் என்பதையும் கண்டோம்.

அந்தப் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதுதான் பட்டறை வழக்கம் என்று பையன் சொன்னான். ஏன் என்று கேட்டால், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். எல்லோரும் செய்வது என்பது ஒரு காரணமா? பட்டி தண்ணீர் குடிக்கும். குடித்த தண்ணீர் தகட்டைத் துருவாக்கி ஆறு மாதத்தில் கொப்புளமாய் வெளியே வரும். அப்பொழுது கார்க்காரர் மேஸ்திரியைத் திட்டுவார். மேஸ்திரி கிரகத்தைத் திட்டுவார். ஆகவே பட்டியைக் காய்ந்தபடியே 80 நம்பர் காகிதத்தில் தொடங்கி, 180, 320 என்று ஏறி, தூசிக்கு மூக்கை மூடிக்கொண்டு தேய்த்தோம். நம்பர் ஏற ஏறக் காகிதம் மென்மையாகிறது என்பதுகூட அந்தப் பையனுக்கு இரண்டு வருஷமாய் ஒருவரும் சொல்லவில்லை. எடுத்துக் கொடு என்றால் எடுத்துக் கொடுப்பான், அவ்வளவே. மேடு பள்ளம் தெரியக் கறுப்புப் பெயிண்டைத் தூசி போல் மேலே விசிறிவிட்டுத் தேய்த்தால், பள்ளமான இடத்தில் மாத்திரம் கறுப்பு அழியாமல் நிற்கும். அதைப் பார்த்த அன்று பையன் கதவை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பிரைமர் காய்ந்தது. 600 நம்பரில் தேய்த்தோம். வர்ணம் அடித்தோம். அடித்த இடமெல்லாம் மீன் கண் போல் குழி குழியாய் விலகிற்று! பட்டறையில் இப்படி ஆனால் எவனோ கண் வைத்துவிட்டான் என்று எலுமிச்சம்பழம் கட்டுவார்களாம். நாம் பழம் தேடவில்லை, கையைப் பார்த்தோம். தலையில் தடவியிருந்த தேங்காய் எண்ணெய் கையில் வந்து, கையிலிருந்து கதவுக்குப் போயிருந்தது. முழுவதும் தேய்த்தெடுத்து, எண்ணெய் நீக்கும் திரவத்தில் நனைத்த துணியால் ஒரு தரமும், அது காயுமுன் வேறு துணியால் ஒரு தரமும் துடைத்து, வெறுங்கை படாமல் அடித்தோம். கண் வைத்தவன் எங்கேயோ ஓடிப்போனான்.

ஐப்பசி மழையில் லேக்கர் அடித்தால் வெண்புகை படிந்தாற்போல் மங்கிப்போவதை அமாவாசைத் தோஷம் என்பார்கள். தின்னர் வேகமாய் ஆவியாகும்போது தகட்டின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த தகட்டில் காற்றிலுள்ள ஈரம் படிகிறது. அமாவாசைக்கு இதில் என்ன வேலை? மெதுவாய்க் காயும் தின்னரைச் சேர். இல்லையானால் வெயில் வரும்வரை சும்மா இரு.

ஆயுத பூசையன்று சந்தனம் குங்குமம் வைத்த கன் ஒன்றையும் பார்த்தோம். நெற்றியில் குங்குமம், மூக்கில் போன மாதத்துப் பெயிண்ட். ஒரு பக்கமாய்ச் சாய்ந்து அடித்தது. முன்னால் இருக்கும் காற்று மூடியை அரைச்சுற்றுத் திருப்பி மறுபடி அடித்துப் பார்த்தோம். சாய்வும் எதிர்ப்பக்கம் மாறிற்று. ஆகவே குற்றம் மூடியில். மாறாமல் இருந்தால் குற்றம் உள்ளே உள்ள மூக்கில். இவ்வளவு யோக்கியமாய்ப் பதில் சொல்லும் சாமியை நாம் இதுவரை கண்டதில்லை.

இதுவரை சொன்னவற்றால் கெடுவது கதவும் காசுமே. இனிச் சொல்வது உயிரைப் பற்றியது. பையனுக்குச் சில மாதங்களாய் இரவில் இருமல். மேஸ்திரி சொல்லிய வைத்தியம், வேலை முடிந்ததும் ஒரு கட்டி வெல்லமும் இரண்டு வாழைப்பழமும். வெல்லம் போவது வயிற்றுக்கு. பெயிண்ட் போவது மூச்சுப்பைக்கு. வேறு வேறு குழாய்! இது தெரியாமலா சொல்லுகிறார்கள்? ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பி.யு. பெயிண்டில் ஐசோசயனேட் என்னும் பொருள் இருக்கின்றது. 1984-ல் போபாலில் ஆயிரக்கணக்கான மக்களைக் கொன்றது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுதான். பெயிண்டில் உள்ளது அதே விஷவாயு அல்ல. அவ்வளவு எளிதில் ஆவியாவதுமல்ல. ஆனால் கன் அதைக் கண்ணுக்குத் தெரியாத துளியாக்கி மூச்சில் செலுத்துகின்றது. ஒரு தடவை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் இழுப்பு வரும். தொழிலையே விட வேண்டியதுதான். கேடு செய்யும் அளவிலும் அதற்கு வாசனை கிடையாது. வாசனை வரவில்லை, ஆபத்தில்லை என்று நினைப்பவன் ஏமாறுகிறான். மூக்கில் கட்டும் கைக்குட்டை ஒன்றுக்கும் உதவாது. வடிகட்டி வைத்த முகமூடிகூட, வடிகட்டி தீர்ந்துபோனதை நமக்குச் சொல்லாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியாய்க் கொண்டுவரும் முகமூடிதான் வேண்டும். அடித்து முடித்த பின்னும் புகை அடங்கும்வரை அதைக் கழற்றக்கூடாது.

மேஸ்திரியை நாம் நேரில் கண்டு இதையெல்லாம் சொன்னோம். “நானும் அடி உதை வாங்கித்தான் கத்துக்கிட்டேங்க. எல்லாத்தையும் சொல்லிட்டா நாளைக்கு எதிர்லயே கடை போட்டுருவான்” என்றார். அந்தப் பயத்தில் உண்மை இல்லாமலில்லை. வாடகையும் கடனும் உள்ள மனிதர். ஆனால் முகமூடி கொடுத்தால் எந்தப் பையன் எதிர்க்கடை போட்டுவிடுவான் என்று கேட்டோம். பதில் இல்லை. அது விலை அதிகம் என்றார் பிறகு. கம்ப்ரெசருக்கு மாலை போட்டுப் பூசை செய்த செலவு எவ்வளவு என்று கேட்டதற்கு, நம்மை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

நம்மிடம் காற்றுக்குழாய் முகமூடி இல்லை. ஆகையால் பி.யு. பக்கமே நாம் போகவில்லை. ஹார்ட்னர் வேண்டாத என்.சி. லேக்கரையே, அதற்குரிய வடிகட்டி முகமூடியுடன், நாற்புறமும் திறந்த கொட்டகையில், அடுப்பும் பீடியும் அருகில் இல்லாமல் அடித்தோம். பையனை மருத்துவரிடம் அழைத்துச் சென்று நெஞ்சைப் பரிசோதிக்கச் செய்தாயிற்று, பட்டறையில் பி.யு. அடிக்கும் நாட்களில் உள்ளே நிற்கக்கூடாது என்று அவரும் சொல்லிவிட்டார். கதவு நமது வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். மேல் பாதி ஒரே சீராய் இருக்கும். அது பையன் அடித்தது. கீழ் மூலையில் இரண்டு இடத்தில் வழிந்திருக்கும். கன்னை மிக அருகில் பிடித்து, கையை மெதுவாய் நகர்த்தியதனால் வந்த வினை. அது நாம் அடித்தது.